சீனி அலுமாரியில் ஒரு ராணி

எறும்பை, ஒரு பெண்ணைச் சொல்லுவதுபோல, "அவா" என்று மரியாதையாகச் சொல்லுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான். அவரோடு ஒரே கந்தோரில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன் என்பதுதான் நான் துணிந்து வெளியே சொல்லக்கூடிய ஒரே பெருமை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் மில்லிமீற்றர்.

எங்களுடையது ஒரு குளத்துக் கந்தோர். இரணைமடுவைப் போல ஆட்கள் பஸ் பிடித்து வந்து படம் எடுக்கிற குளம் இல்லை. வயலுக்குத் தண்ணீர் விடவும் எருமைகள் குளிக்கவும் போதுமான ஒரு நடுத்தரக் குளம். நான் அங்கே கூட்டித் துடைத்து, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறவள். எனக்கு வாய் குறைவு. நாலு பேருக்கு முன்னால் "சீனி போதுமோ?" என்று கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எல்லாருக்கும் ஒரே அளவு சீனி போட்டுவிடுவேன். சலரோக வருத்தக்காரர்கள் தாங்களாகவே வெறும் தேத்தண்ணீருக்கு மாறிக்கொண்டார்கள்.

மில்லிமீற்றரின் வேலை மழை அளப்பது. முற்றத்தில் கம்பி வேலிக்குள் மழைமானி நிற்கும். தினமும் காலை எட்டரைக்கு அவர் வேலியைத் திறந்து, போத்தலில் சேர்ந்த மழையை அளவுக் கண்ணாடிக்குள் ஊற்றி, முழங்காலை ஊன்றி இருந்து, ஒரு கண்ணை மூடி, மூச்சையும் பிடித்துக்கொண்டு வாசிப்பார். அந்த நேரம் கந்தோரில் யாரும் தும்மக்கூடக் கூடாது.

"கதையாதையும் ஐசே, தண்ணி ஆடுது!" என்று கிளாக்கரைப் பார்த்துக் கத்துவார்.

"நான் இஞ்ச கதைச்சா அங்க தண்ணி ஏன் ஆடுது?" என்பார் கிளாக்கர் யன்னலுக்குள்ளிருந்து.

"உம்மட குரல் அப்பிடி."

பிறகு எழும்பி, நாலு குறிச்சிக்குக் கேட்கிற மாதிரி அறிவிப்பார்: "இருபத்திரண்டு தசம் நாலு!" அந்தத் தசம் நாலில்தான் அவருடைய உயிர் இருந்தது. மாரி காலத்தில் அவருடைய எண்ணை வைத்துத்தான், மிஞ்சின குளத்துத் தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவை எப்போது திறப்பது என்று தீர்மானிப்பார்கள். குளத்துக்குக் கீழே வயல் செய்து குடியிருந்த கமக்காரர்கள் அவருடைய எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் நித்திரைக்குப் போவார்கள்.

அவரிடம் எதைக் கேட்டாலும் மில்லிமீற்றரில்தான் பதில் வரும். மகளுக்கு வந்த மாப்பிள்ளை என்ன உயரம் என்று கிளாக்கர் கேட்டபோது, "ஆயிரத்து எழுநூற்றுப் பத்து, செருப்பில்லாமல்" என்றார். ஒருநாள் நான் வைத்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் குனிந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, நேற்றையை விட நாலு குறைவு" என்றார். அன்றிலிருந்து அவருடைய கோப்பையை மட்டும் விளிம்புவரை நிரப்பிவிடுவேன். சிந்தாமல் கொண்டுபோவதற்கு எனக்குக் கால்மணி நேரம் எடுக்கும்.

எறும்பு அவருடைய வாழ்க்கைக்குள் மழைமானி வழியாகத்தான் விழுந்தது. ஒரு ஐப்பசி மாதம், முதல் மழை பெய்த மறுநாள், அளவுக் கண்ணாடிக்குள் தண்ணீரோடு சேர்ந்து செட்டை வைத்த பெரிய கட்டெறும்பு ஒன்றும் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் விரலால் எடுத்து எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். மில்லிமீற்றர் யோசித்தார். எறும்பு இருப்பதால் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும்? நேராகத் தலைமைக் கந்தோருக்குப் போன் எடுத்தார்.

"ஐயா, ஒரு எறும்பு கிடக்கு. கழிக்கவோ, விடவோ?"

மறுமுனையில் இருந்தவர் பகிடிக்காரர். "என்ன எறும்பெண்டு பாத்துச் சொல்லுங்கோ. அதுக்கேற்ற மாதிரிக் கழிப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அது பகிடி என்று மில்லிமீற்றருக்கு இன்றுவரை தெரியாது. அரசாங்கம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது, பதில் சொல்ல வேண்டியது தன் கடமை என்றே எடுத்துக்கொண்டார். அன்று தொடங்கியதுதான்.

மழைக்குப் பிறகு செட்டையோடு பறந்து வருகிறவர்கள் ராணிகள் என்றும், நிலத்தில் இறங்கியதும் செட்டையை உதறிவிட்டுத் தனியாகக் குடும்பம் நடத்தப் போவார்கள் என்றும் கண்டுபிடித்தார். எறும்பு வளர்க்கிறவர்களின் போன் குழு ஒன்றில் சேர்ந்தார். கொழும்பு, கண்டி, கனடா என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் அதில் இருந்தார்கள். எல்லாருக்கும் மேலே ஒருவர், பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து இனம் சொல்லக்கூடியவர். அவரை எல்லாரும் "சேர்" என்பார்கள்.

ராணியைப் பிடித்தவுடன் மூன்று விஷயம் பார்க்க வேண்டுமாம். நான் கூட்டுகிற நேரமெல்லாம் மில்லிமீற்றர் பின்னாலேயே வந்து சொல்லுவார்.

"முதல் நீளம், தங்கச்சி. ரெண்டாவது இடுப்பு. இடுப்பில ஒரு முடிச்சோ, ரெண்டு முடிச்சோ எண்டு பாக்கவேணும். மூண்டாவது எங்க, எத்தினை மணிக்குப் பிடிச்சது. இவ்வளவும் தெரியாமல் அவாவுக்குப் பேர் வைக்கேலாது."

"பொம்பிளை பாக்கப் போனாலும் இவ்வளவு கேக்கமாட்டினம்" என்பார் கிளாக்கர்.

முதல் வருடம் அவர் பிடித்த ராணி ஒன்று சாப்பிடாமல் மூன்று நாளில் செத்துப்போனா. "துக்கத்தில போயிட்டா" என்று மில்லிமீற்றர் ஒருநாள் முழுக்கத் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. படத்தைப் பார்த்த குழுக்காரர்கள், "அண்ணை, அது ராணி இல்லை, மாப்பிள்ளை. ஆண் எறும்பு அவ்வளவு நாள்தான் இருக்கும்" என்று எழுதினார்கள். கிளாக்கர் ஒரு கிழமையாக, "உங்கட அவா, அவராமே?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். அடுத்த வருடம் பிடித்தது எறும்பே இல்லை, ஈசல். அதை நாங்கள் ஒருவரும் கதைப்பதில்லை.

மூன்றாம் வருடம்தான் உண்மையான ராணி வந்தா. நல்ல கறுப்பு. தலை பெரிது. இடுப்பில் ஒரு முடிச்சு. நீளம் பதினாறு மில்லிமீற்றர். ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பஞ்சால் அடைத்து, ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் அடைத்தார். வைக்க இடம்தான் இல்லை. இருட்டாக இருக்க வேண்டும், ஆடக் கூடாது.

என்னிடம் வந்தார். "தங்கச்சி, உங்கட சீனி அலுமாரியில ஒரு மூலை தருவீங்களோ?"

தேத்தண்ணீர்ச் சாமான் வைக்கிற அலுமாரி அது. எறும்பு ஏறாமல் இருக்க அதன் நாலு காலையும் தண்ணீர் நிரப்பிய நாலு தகரப் பேணிக்குள் வைத்திருந்தேன்.

"எறும்பு வராமல் இருக்கச் செய்த அலுமாரிக்குள்ள எறும்பைக் கொண்டுபோய் வைக்கிற ஆள் நீர் ஒராள்தான் ஐசே" என்றார் கிளாக்கர்.

"அதுதான் பாதுகாப்பு. வேற எறும்பு வந்து அவாவைக் கடிக்காது" என்றார் மில்லிமீற்றர்.

எனக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. சீனி டின்னுக்குப் பின்னால் ராணி குடியேறினா.

சேருக்கு முதல் படம் போனது, நீளத்தையும் எழுதி. குழுவில் மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள், ஒவ்வொன்றும் நாக்கைச் சுளுக்குகிற பெயர். சேர் மட்டும், "இடுப்புத் தெளிவாக இல்லை. பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று எழுதினார். சேர் பதில் போட்டுவிட்டார் என்பதற்கே மில்லிமீற்றர் எல்லாருக்கும் வடை வாங்கினார். மறுநாள் பின்னேரம், வெளிச்சம் சரியான நேரத்தில், படம் எடுப்பதாக ஏற்பாடு.

அந்த மறுநாள் காலைதான் அந்தக் காரியம் நடந்தது.

இரவு நல்ல மழை பெய்திருந்தது. ஏழு மணிக்கு முன்னமே வந்து சீனி டின்னை எடுத்தேன். டின்னோடு குழாயும் உருண்டு வந்தது. பிடிக்கப் போனேன், பஞ்சு கழன்றது. அடுத்த கணம் சீனி டின்னின் மூடியில் ஒரு பெரிய கட்டெறும்பு ஓடியது.

வருடக்கணக்காகச் சீனி டின்னில் எறும்பைக் கண்டால் என் கை என்ன செய்யுமோ, அதைச் செய்தது. தோளில் கிடந்த துணியை எடுத்து ஒரே அடி.

அடித்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

ராணி மூடியில் அசையாமல் கிடந்தா. நசியவில்லை, அவ்வளவுதான். தலையிடிக்குப் பூசுகிற பாம் முடிந்த வெறும் டப்பி ஒன்று இருந்தது. அதற்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து ராணியைக் கிடத்தினேன். எறிய மனம் வரவில்லை. அவரிடம் சொல்ல வாயும் வரவில்லை. சீனி போதுமோ என்று கேட்கத் தெரியாதவள், உங்கள் ராணியை அடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்லுவாள்?

வெளியே பார்த்தேன். மழை விட்ட முற்றம். நேரம் ஏழு தாண்டியிருந்தது. அவர் எட்டு மணிக்கு வருவார்.

அவருடைய மேசையில் இருந்த லென்சை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். முதலில் அகப்பட்டது ஈசல். பழைய அனுபவத்தால் விட்டுவிட்டேன். அடுத்ததற்குத் தலை சின்னன், மாப்பிள்ளையாக இருக்கும், போ என்றேன். அதற்கடுத்தது ராணிதான், ஆனால் இடுப்பில் இரண்டு முடிச்சு. கூட்டுகிற நேரமெல்லாம் பின்னால் வந்து சொன்ன கதை எவ்வளவு எனக்குள் ஏறியிருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். கடைசியில் மழைமானி வேலிக்குப் பக்கத்தில் ஒருத்தி நடந்து போனா. கறுப்பு. பெரிய தலை. செட்டை உதிர்த்தவ. லென்சை வைத்து இரண்டு தரம் பார்த்தேன். ஒரு முடிச்சு.

குழாய்க்குள் விட்டு, பஞ்சை அடைத்து, டின்னுக்குப் பின்னால் வைத்தேன். என் ஆயுளில் நான் செய்த ஒரே கள்ளவேலை அது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நீளத்தை மட்டும் நான் அளக்கவில்லை.

பின்னேரம் மில்லிமீற்றர் நீளம் பார்க்க அடிமட்டத்தை வைத்தார். பார்த்தார். அடிமட்டத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"பதினாலு" என்றார், தனக்குத்தானே.

"முட்டை இட்டு மெலிஞ்சிருப்பா" என்றார் கிளாக்கர்.

"ஒரு முட்டையும் இல்லை ஐசே."

"அப்ப யோசினையாக்கும்."

படத்தை அப்படியே அனுப்பினார். குழு பிடித்துக்கொண்டது. "போன படத்துக்குப் பதினாறு, இன்றைக்குப் பதினாலு. அண்ணை, முதல் அடிமட்டம் வாசிக்கப் பழகுங்கோ, பிறகு எறும்பு பிடிக்கலாம்" என்று ஒருவர் எழுதினார். சேர் ஒன்றும் எழுதவில்லை. அது அதைவிட மோசம்.

அடுத்த நாள் கிளிநொச்சிக்குப் போய் ஐந்து கடையில் ஐந்து அடிமட்டம் வாங்கி வந்தார். ஐந்தும் பதினாலு என்றன. கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். புதுக் கண்ணாடி போட்டார். அதற்கும் பதினாலுதான். மாறாதது மாறினால், தன் கண்தான் பிழை என்று முடிவு கட்டிவிட்டார். ராணி மாறியிருப்பா என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. சீனி அலுமாரிக்கு நான் காவல் இருக்கிறேனே!

அதற்குப் பிறகு வந்த காலைகள்தான் எனக்குத் தாங்க முடியாதவை. மழைமானிக்கு முன்னால் முழங்காலில் இருந்தபடியே இருப்பார். வெகுநேரம் கழித்து எழும்புவார். "இருபது... இருபத்தொண்டு இருக்கும்."

இருக்கும்! அந்தச் சொல் அவருடைய வாயிலிருந்து வந்து நாங்கள் கேட்டதே இல்லை. தசம் முழுதாகப் போய்விட்டது. கிளாக்கர்கூட ஒருநாள் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கதிரைக்குத் திரும்பிவிட்டார். என்னைப் பார்த்து, "ஆளை ஒருக்கால் பாருங்கோ, எனக்குப் பகிடி பண்ணவே மனம் வரேல்லை" என்றார். நான் என்ன பார்ப்பது? டப்பி என் பையில் இருந்தது. தினமும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று கொண்டு வருவேன். தினமும் திரும்பக் கொண்டு போவேன்.

கார்த்திகையில் மழை பிடித்துப் பெய்தது. குளம் நிரம்பிக்கொண்டு வந்தது. வான்கதவு திறப்பதைப் பற்றிக் கதைக்க எஞ்சினியர் மிஸ் கமக்காரர்களைக் கூப்பிட்டிருந்தா. ஏழெட்டுப் பேர் வந்து கதிரைகளில் இருந்தார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே போகிற நேரம் மில்லிமீற்றர் எழும்பி நின்றார். மழைமானி வேலிப் பூட்டின் திறப்பைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"மிஸ், இதை வேற ஆளிட்டக் குடுங்கோ. என்ர கண்ணை நம்பேலாது. ரெண்டு மில்லிமீற்றர் பிழைக்குது."

மிஸ் திகைத்துப்போனா. "என்ன அண்ணை சொல்லுறீங்கள்? கதவு திறக்கிற நேரத்திலயே?"

கமக்காரர் ஒருவர் எழும்பினார். "அப்ப போன வருசம் நீங்கள் சொன்ன மழையும் பிழையோ?"

மில்லிமீற்றர் நிலத்தைப் பார்த்தார். "தெரியேல்லை" என்றார்.

தட்டோடு நான் ஓரடி முன்னால் வந்தேன். கோப்பைகள் எல்லாம் கிலுகிலுவென்று அடித்துக்கொண்டன. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இனி வேறு வழியில்லை.

"அவாவைச் சாக்காட்டினது நான்தான்" என்றேன்.



"ஆரை?" என்றார் கமக்காரர்.

"ராணியை."

"எந்த ராணி? எவடத்து ஆள்?"

"பொலிசுக்குச் சொன்னதோ?" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்.

தட்டை வைத்துவிட்டு டப்பியை எடுத்து மில்லிமீற்றருக்கு முன்னால் திறந்தேன். சீனி டின், துணி, அடி, முற்றம், லென்ஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் பேசாத பேச்சு முழுக்க அந்த இரண்டு நிமிடத்தில் போய்விட்டது.

மில்லிமீற்றர் என்னைப் பார்க்கவில்லை. சேட்டுப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தார். குண்டூசியால் ராணியை மெல்ல நிமிர்த்தினார். முழங்காலில் இருந்து, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்தார். கமக்காரர்கள்கூட மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

"பதினாறு" என்றார். பிறகு மிஸ்ஸிடம் அடிமட்டத்தை நீட்டினார். "நீங்களும் ஒருக்காப் பாருங்கோ."

மிஸ் குனிந்து பார்த்தா. "பதினாறுதான் அண்ணை. ஒரு முடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

மில்லிமீற்றர் மேசையிலிருந்த திறப்பைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டார். "காலமை மழை முப்பத்தொண்டு தசம் ஆறு, மிஸ். அடிச்சுச் சொல்லுறன்."

"அப்ப கதவு எத்தினை மணிக்கு?" என்றார் கமக்காரர். கூட்டம் நடந்தது. கதவு நேரத்துக்குத் திறந்தது.

கூட்டம் முடிந்ததும் மில்லிமீற்றர் என்னிடம் வந்தார். ஏச்சு விழப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"அலுமாரிக்குள்ள இருக்கிற மற்றவாவை எங்க பிடிச்சனீங்கள்?"

"வேலிக்குப் பக்கத்தில."

"எத்தினை மணிக்கு?"

"ஏழே கால் இருக்கும்... இல்லை, ஏழே கால்தான்."

"இடுப்பு?"

"ஒரு முடிச்சு. ரெண்டு தரம் பாத்தனான்."

புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஈசலை விட்டிட்டீங்களோ?"

"விட்டிட்டன்."

"ம்ம்" என்றார். அந்த "ம்ம்" இல் ஈசல் பிடித்த மனிதரின் மனவேதனை முழுக்க இருந்தது.

செத்த ராணியை டப்பியோடு தபாலில் சேருக்கு அனுப்பினார். உயிரோடு இருந்த ராணியின் படமும் போனது. பதில் வந்தது. அவருடைய பதினாறு மில்லிமீற்றர் ராணி, வன்னி முழுக்க எல்லார் வீட்டு முற்றத்திலும் ஓடுகிற சாதாரணக் கட்டெறும்பு. நான் பிடித்த பதினாலு வேறு இனம். வயிற்றில் பொன் நிறத்தில் மெல்லிய மயிர் இருக்கிறதாம், அவ்வளவு லேசில் கண்ணில் படாதாம், பிடித்தவருக்குப் பாராட்டு என்று சேர் எழுதியிருந்தார்.

மில்லிமீற்றர் அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு வந்து, குழாயில் ஒட்டியிருந்த கடதாசியைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினார். "பிடித்தவர்" என்ற இடத்திலும் "இனம் பார்த்தவர்" என்ற இடத்திலும் என் பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலுக்கு வெளியே என் பெயரை எழுத்தில் நான் கண்டது அன்றுதான்.

அடுத்த நாள் எட்டரைக்கு முற்றத்திலிருந்து கூப்பிட்டார். "தங்கச்சி, வாங்கோ. இனி இதை ரெண்டு பேரா வாசிப்பம். முதல் நீங்கள் சொல்லுங்கோ, பிறகு நான் சொல்லுறன்."

எனக்கு ஏலாது என்று சொல்லத் தெரியாதே. முழங்காலில் இருந்தேன். எண் சொன்னேன். சரியாக இருந்தால் தலையை ஆட்டுவார். பிழைத்தால், "கண்ணைத் தண்ணி மட்டத்துக்கு இறக்குங்கோ, நீங்கள் மேல நிண்டு பாக்கிறீங்கள்" என்பார். ஒரு மாரி முழுக்க அப்படிப் போனது. எங்கள் எண்கள் வரவர ஒன்றாகிக்கொண்டு வந்தன. கிளாக்கர் யன்னலுக்குள்ளிருந்து, "ரெண்டு மில்லிமீற்றர் ஆயிட்டுதே இப்ப!" என்பார்.

போன வருடம் அவருக்கு நாயாற்றுப் பக்கம் இடமாற்றம் வந்தது. அங்கேயும் ஒரு மழைமானி. போகிற அன்று வேலித் திறப்பை என் கையில் தந்தார். பிரிவு உபசாரத்தில் என்னை ஏதாவது பேசச் சொன்னார்கள். நான் வழக்கம்போலத் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

இப்போதும் மழை பெய்த காலைகளில் ஒன்பது மணிக்கு முன் போன் வரும். வணக்கம், சுகமோ ஒன்றும் இல்லை. "எத்தினை?" என்பார். நான் தசத்தோடு சொல்லுவேன். தன்னுடையதை அவரும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவர் இருப்பது கடற்கரைப் பக்கம், நான் இருப்பது காட்டுப் பக்கம். இரண்டு இடத்து மழையும் ஒருபோதும் ஒத்து வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் போனை எடுக்கும்போது, இன்றைக்காவது இரண்டு இடத்திலும் ஒரே அளவு மழை பெய்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.